சுவிட்சை அணைத்துவிட்டு வந்த அம்மையார்

சிங்காநல்லூரிலிருந்து தாராபுரம் செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் அமர்ந்திருந்த முதிய அம்மையார் பக்கத்துப் பெண்மணியிடம் சொன்ன ஒரு செய்தி என்னை நிமிர்ந்து அமரச் செய்தது.

"எம்பட பையன் தெனமும் ஊட்டுக்கு வந்துபோட்டுப் போறானுங்க. மொகத்தைப் பார்த்துத்தான் ரெண்டு வருசமாச்சு."

"அதெப்படிங்கக்கா?"

"பெங்களூருல உக்காந்துக்கிட்டே நம்மூட்டுல இருக்கற கம்ப்யூட்டரை எழுப்பி வேலை செய்யறானுங்க. அதுபாட்டுக்கு வெளிச்சம் வருது, அவன் வேலை முடிஞ்சா அணைஞ்சு போகுது. எங்கிட்ட ஒரு வார்த்தை கெடையாது. ஒரு நா அதோட செவுத்துச் சுவிட்சை அணைச்சுப்போட்டேன். ஒடனே போன் பண்ணிட்டானுங்க!"

"கெட்டிக்காரிதானுங்க நீங்க!"

"அப்புறம் வாரம் ஒருக்கா அணைக்கறதுதானுங்க. இன்னைக்கும் அணைச்சுப்போட்டுத்தான் வந்தேன்."

பல்லடத்தை நெருங்குகையில் அவருடைய கைப்பேசி ஒலித்தது. பறித்தெடுப்பவர்போல் எடுத்தார்.

"சுவிட்சா? நான் ஊட்டுல இல்லையே கண்ணு. பஸ்ஸுல போயிட்டிருக்கேன்."

மேலும் ஓரிரு சொற்களில் உரையாடல் முடிந்தது. கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"எங்க போறீங்கன்னு கேட்டாருங்களாக்கா?" என்றார் பக்கத்துப் பெண்மணி.

"அதைக் கேக்கலீங்க. எப்ப திரும்பி வந்து சுவிட்சைப் போடுவீங்கன்னு கேட்டானுங்க."