மேற்கே சூலம்

…அதைத்தான் நானும் கேக்கறேன் வன்னியராஜ், பாஸ்போர்ட்டுன்னா தாலி மாதிரியாக்கும். கழுத்துலயே கெடக்கணும். கண்ட எடத்துல கழட்டி வெச்சுட்டு, அப்புறம் "காணோம், காணோம்"னு தெருவெல்லாம் ஓடினா? நீங்கோ பூட்டைப் பாருங்கோ, நான் சும்மா பேசிண்டிருக்கேன். அடுத்தாத்துப் பஞ்சாபகேசன் ஃபோன்லயே சொல்லியாச்சு, "ஒடைச்சுக்கோங்கோ விஜயம் மாமி, என் வீடுதானே"ன்னு. ஆனாலும் ஒடைக்காமத் தொறந்தா நன்னாருக்கும். பொண்ணுக்குப் பிரசவம் முந்திடுத்துன்னு, வீட்டுத் தாக்கோலை, அதான் சாவியை, இடுப்புல சொருகிண்டு பெங்களூருக்கு ஓடிட்டார். அந்தக் குழந்தைக்குப் பொறக்கறதுக்கு வேற நாளா கெடைக்கலை!

அதோ, டாக்ஸி பக்கத்துல தொப்பி போட்டுண்டு நிக்கறா பாருங்கோ, அவதான் பிர்கிட். ஜெர்மனிக்காரி. பக்கத்துல ஒசரமா நிக்கறவர் அவ ஆத்துக்காரர் யோர்க். எங்காத்து மாடியிலதான் ரெண்டு பேரும் தங்கியிருக்கா. இந்த ஸ்ரீவராகத்துல எத்தனை ஹோம்ஸ்டே இருந்தாலும், காரம் கொறைச்சு மொளகாப்பொடி அரைச்சுக் குடுக்கறது நான் ஒருத்திதான்… சரி, அது கெடக்கட்டும். இன்னிக்கு சாயங்காலம் அவாளுக்கு மாலத்தீவுக்கு ஃப்ளைட். நீங்கோ இந்தப் பூட்டைத் தொறக்கலேன்னா போக முடியாது.

என்ன? தீவுக்குப் போறதுக்கு அப்படியென்ன அவசரமா? அப்படிக் கேக்காதேங்கோ. போன வருஷம் யோர்க்குக்கு பைபாஸ். தியேட்டருக்குள்ள தள்ளிண்டு போறச்சே இவ சொன்னாளாம், "பொழைச்சு வாங்கோ, அந்த நீலக் கடலை ஒங்களுக்குக் காட்றேன்"னு. வேண்டுதல்னா வேண்டுதல்தானே? நாம பழனிக்கு நேர்ந்துக்கறோம், அவ மாலத்தீவுக்கு நேர்ந்துண்டிருக்கா. கேட்டதும் நான் அட்லஸை எடுத்துண்டு ஒக்காந்துட்டேன். அன்னிலேருந்து ப்ளானிங் பூரா என் பொறுப்பு.

இந்த ரூல்ஸ் இருக்கே, அப்பப்பா! மொதல்ல லட்சத்தீவுதான் கேட்டா. அதுக்குப் பெர்மிட். பெர்மிட் கெடைச்சாலும் வெளிநாட்டுக்காரா எல்லாத் தீவுலயும் எறங்கிட முடியாது, ஏதோ ஒண்ணு ரெண்டுலதான். வந்த விருந்தாளியை வாசல்லயே நிறுத்தி மோர் குடுக்கற மாதிரி! மாலத்தீவுன்னு நான்தான் சொன்னேன். இங்கேருந்து ஏறி, பெல்ட்டை மாட்டிக் கழட்டினா எறங்கணும். விசா அங்க எறங்கினதும் சும்மாவே குடுத்துடுவா. ஆனா ஹோட்டல் புக்கிங் இருக்கணும், திரும்பி வர டிக்கெட் இருக்கணும், பொறப்படறதுக்கு முன்னாடி நெட்ல ஒரு ஃபாரம் போடணும், அதையும் ரொம்ப முந்திப் போட்டா எடுத்துக்காது.

பின்னே, அதைவிட வெஷமம் நம்ம இந்தியா விசாவாக்கும். ஒரே தடவைதான் உள்ள வரலாம்னு இருந்துதோ, மாலத்தீவு போனவா போனவாதான், இங்க திரும்ப விடமாட்டா. மனசிலாச்சோ? இவாளோட பெட்டியும் ஸ்வெட்டரும் எங்காத்து மாடியில, ஊருக்குப் போற ஃப்ளைட்டும் இங்கேருந்துதான்! நான்தான் கேட்டேன், "மல்ட்டிபிள் என்ட்ரிதானே?"ன்னு. பிர்கிட் அப்படியே என் கையைப் பிடிச்சுண்டா, எந்த ஏஜென்ட்டும் இதைக் கேக்கலையாம். எங்காத்துக்காரர் பேப்பர் படிச்சிண்டிருந்தார், காதுலயே விழாத மாதிரி.

விசா பாக்கத் தெரிஞ்சவளுக்கு நாள் பாக்கத் தெரியாதா? அங்கதான்… தேங்காயெண்ணெய் கொஞ்சம் விடட்டுமா அந்தப் பூட்டுக்கு? வேண்டாமா? சரி.

இன்னிக்கு ஞாயித்துக்கெழமை. ஞாயிறு மேற்கே சூலம், அந்தத் திசையில பிரயாணம் ஆகாது. மாலத்தீவு எங்க இருக்கு? கோவளத்துல கடலைப் பாத்து நின்னா, மூக்குக்கு நேரே! நெஞ்சைப் பொளந்து தெச்ச மனுஷனை சூலத்துக்கு நேரே அனுப்பச் சொல்றேளா? டிக்கெட்டை மாத்தவும் வழியில்லை. அதுக்குத்தானே பெரியவா பரஸ்தானம்னு ஒண்ணு வெச்சிருக்கா. ஒங்க திருநெல்வேலிப் பக்கத்துல கெடையாதா? போற அன்னிக்கு நாள் சரியில்லேன்னா, முன்னாடியே ஒரு நல்ல நாளாப் பாத்து, போறவாளோட சாமான் ஒண்ணை அடுத்தாத்துல கொண்டு வெச்சுடணும். பிரயாணம் அன்னிக்கே ஆரம்பிச்சாச்சுன்னு கணக்கு. அப்புறம் அதை எடுத்துண்டு பொறப்பட்டா சூலமாவது ஒண்ணாவது! வியாழக்கெழமை கார்த்தாலயே பிர்கிட்டைக் கேட்டேன், "ஒங்க பிரயாணம் நன்னா நடக்க, ஒரு சாமான் எடுத்துக்கட்டுமா?"ன்னு. "யா, யா"ன்னா. அவ எதுக்குத்தான் யா சொல்லலை?

மத்தவாள்லாம் துண்டோ வேஷ்டியோ வெப்பா. நான் யோசிச்சேன், இவா அதை மறந்துட்டுப் போயிட்டா? கட்டாயம் எடுத்துண்டு போற சாமானா இருக்கணுமே. அவா ரெண்டு பேரும் கோவளத்துல குளிக்கப் போயிருந்தா. மேஜை மேல ஜிப்பு வெச்ச நீலப் பை ஒண்ணு. தூக்கினேன், லேசா இருந்தது. வெயிலுக்குப் பூசிக்கற க்ரீம்னு நெனச்சேன். நல்ல நேரம் இருக்கான்னு பஞ்சாங்கத்தை இன்னொரு தடவை பாத்துட்டு, நேரே கொண்டுவந்து பஞ்சாபகேசன் கையில குடுத்தேன். அவரும் பூஜை அலமாரியில வெச்சார். இதுல என் தப்பு என்ன இருக்கு, சொல்லுங்கோ?

ஏன் சிரிக்கறேள்?

அன்னிக்கு ராத்திரிலேருந்து அவா தேடறா. நானும்தான் கூடத் தேடினேன்! கட்டிலுக்கு அடியில, தலகாணி உறைக்குள்ள… என் கண்ணாடி வேற காணோம், தடவித் தடவிப் பாத்தேன். அவா கோவளத்துல போய் மணலைத் தோண்டினா. எம்பஸிக்கு ஃபோன் பண்ணினா. பாஸ்போர்ட் போனா விசாவும் போச்சாம். மாலத்தீவை விடுங்கோ, இந்த நாட்டை விட்டு வெளியில போறதுக்கே தனியாப் பெர்மிட் வாங்கணுமாம். யோர்க் நெஞ்சைத் தடவிண்டே நாற்காலியில ஒக்காந்துட்டார்.  "எடுத்தவன் கை வெளங்காமப் போகட்டும்"னு சபிச்சேன் வன்னியராஜ், என் வாயாலயே, வெளக்கு வெச்ச நேரத்துல!

இன்னிக்குக் கார்த்தாலதான் பிர்கிட் அழுதுண்டே சொல்றா, நீலப் பையிலதான் வெச்சிருந்தேன்னு. பாஸ்போர்ட் பாஸ்போர்ட்டுன்னு கத்தறதுக்குப் பதிலா, நீலப் பைன்னு மொதல்லயே சொல்லப்படாதோ? நான் உண்மையைச் சொன்னேன். கத்துவான்னு நெனச்சேன்.  சிரிச்சா பாருங்கோ, ஒரு சிரிப்பு! யோர்க்கும் சிரிச்சார். எனக்குத்தான் அழுகை வந்துடுத்து.

ஆ, டக்குன்னு கேட்டுதே! தொறந்துடுத்தா? இருங்கோ, இருங்கோ, கதவைத் தள்ளாதேங்கோ. இப்ப எமகண்டமாக்கும். கொஞ்ச நேரம் பொறுத்துண்டா முடிஞ்சுடும், நான் வலது காலை வெச்சு… வன்னியராஜ்! ஒங்களைத்தான்! உள்ள போயிட்டாரே மனுஷர்… எடது பக்கம், பூஜை அலமாரி! ஆங், அதேதான். எங்கிட்டக் குடுங்கோ, சாமி படத்துக்கு முன்னாடி ஒரு நிமிஷம் வெச்சு… அடடா, அவ கையிலயே குடுத்துட்டேளே!

பிர்கிட், பாத்து, பாத்து! ஐயோ, என்னைக் கட்டிண்டுட்டாளே நடுத்தெருவுல. சரி, சரி, போயிட்டு வாங்கோ! யோர்க், மாத்திரை மாத்திரை, மறக்கப்படாது! கடலைப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லணும்!

அப்பாடா, கெளம்பியாச்சு. நீங்கோ எங்க போறேள் வன்னியராஜ்? ஒரு காப்பி குடிச்சுட்டுப் போங்கோ. ஒங்க நம்பரைச் சொல்லுங்கோ, குறிச்சு வெச்சுக்கறேன். இந்தக் கண்ணாடி இல்லாம எழுதவும் முடியலை. எங்கதான் வெச்சேனோ. வியாழக்கெழமை பஞ்சாங்கம் பாக்கறச்சே மூக்கு மேலதான் இருந்தது. நேரம் பாத்தேன். கண்ணாடியைக் கழட்டினேன். கையில பை இருந்துதா… அந்த வெளி ஜிப்புல…

டாக்ஸி! ஏ டாக்ஸி! நில்லுங்கோ! போச்சு, முக்குத் திரும்பிடுத்து. வன்னியராஜ், ஸ்கூட்டரை எடுங்கோ! வன்னியராஜ்? கூலிகூட வாங்கிக்காம ஓடிட்டாரா!

சரி, போறது. ஒரு ஃபாரம் கெடையாது, ஹோட்டல் புக்கிங் கெடையாது. ஒரு தீவைக்கூட நான் இதுவரைக்கும் பாத்ததில்லை, என் கண்ணாடி மட்டும் மாலத்தீவு பாக்கப் போறது, அதுவும் நல்ல நாள்ல பரஸ்தானம் பண்ணிண்டு! திரும்பி வரதுக்கு அதுக்கு என்ட்ரி உண்டோ, என்னமோ.