'ஏத்தியாச்சுங்க' என்ற ஒரு சொல்

கழுத்து நிறைய மாலையோடு, இவன் என்ன பேசப்போகிறானோ என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் வேங்கடசாமி அவர்களே! முன்வரிசையை நிறைத்து மூத்தோராய் முகம் மலர்ந்திருக்கும் ஒளிப்படப் பெருமக்களே! கல்யாணம், காதுகுத்து என்று நாங்கள் ஊர் சுற்ற, பீரோவிலும் பிரிட்ஜ் தலையிலும் கேசட் அடுக்கினாலும் பொறுத்துக்கொண்ட தாய்மார்களே! காந்திபுரத்து டவுன் பஸ் நெரிசலில் காமிராப் பையைக் கைக்குழந்தையாய்க் காத்து வந்திருக்கும் வீடியோ தோழர்களே! எடிட்டிங் மேசையில் எப்போதும் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருக்கும் அப்துல் வஹீதாகிய நான், இன்று முகத்தைக் காட்டி உங்களுக்கு வணக்கம் சொல்கிறேன்.

'டேப்பும் கம்ப்யூட்டரும்' என்ற தலைப்பைத் தந்திருக்கிறார்கள். ஆண்டு தொண்ணூற்றொன்பது. கம்ப்யூட்டர் வந்துவிட்டது, காட்சிகள் கைக்குள் வந்துவிட்டன. ஆனால் வைக்க இடம் வந்ததா? ஒரு மணி நேர டேப்பை முழுத் தெளிவில் ஏற்றினால் பதின்மூன்று ஜிபி வேண்டும். என்னிடம் இருப்பதோ எட்டு. ஒரு கல்யாணத்துக்கு டேப்போ நான்கு. என்ன செய்வேன்? எங்கே வைப்பேன்?

குறுக்கினேன்! மாப்பிள்ளையைக் குறுக்கினேன், மண்டபத்தைக் குறுக்கினேன், மணப்பெண்ணின் பட்டுச்சேலையைக் கட்டம் கட்டமாய்க் குறுக்கினேன். குரலை மட்டும் குறுக்கவில்லை, அதற்கு அவ்வளவு இடம் தேவைப்படவில்லை. இந்த மங்கல் படம் வெட்டி ஒட்டிப் பார்ப்பதற்கு மட்டும்தான். வேலை முடிந்ததும் கம்ப்யூட்டர் டேப்பைத் திரும்பக் கேட்கும். ஒவ்வொரு காட்சிக்கும் டேப்பில் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைத் தேடிப் போய், வேண்டிய துண்டை மட்டும் முழுத் தெளிவில் எடுத்துக்கொள்ளும். ஆகவே அதுவரை டேப் அப்படியே இருந்தாக வேண்டும்.

இப்போது ஒரு கேள்வி. நம் தொழிலில் 'ஏத்தியாச்சு' என்றால் என்ன பொருள்? சொல்லுங்கள்... ஆம், கடைசி வரிசை நண்பர் சரியாகச் சொன்னார். டேப் காலி! அடுத்த கல்யாணத்துக்கு ஆகும்! முழுதாக ஏற்றிய காலத்தில் அது சரியான பொருள்தான்.

சென்ற ஆவணியில் பீளமேட்டில் ஒரு கல்யாணம். பெண்ணின் தகப்பனார் நூல் மில்லில் முப்பது வருடம் மேஸ்திரி. மிஷின் இரைச்சலைத் தாண்டிப் பேசிப் பேசிக் கணீரென்று ஆன குரல். மகள் பெங்களூர் புறப்படும்போது அவர் சொன்னதை நம் தலைவர் படம் பிடித்தார். "எதுக்கும் பயப்படாத கண்ணு. ஒரு போன் போடு, நான் வாரேன்." அவ்வளவுதான். மூன்றாம் டேப்பில் ஒன்பது விநாடி.

நான்கு டேப்பையும் குறுக்கி ஏற்றினேன். ஒரு வாரம் கழித்துத் தலைவர் என் கடைக்கு வந்தார். அன்று நாங்கள் பேசியதை அப்படியே சொல்கிறேன்.

"ஏனுங்க வஹீது, ஏத்தியாச்சுங்களா?"

"ஏத்தியாச்சுங்க."

"அப்ப எடுத்துக்கிறேனுங்க."

"எடுத்துக்குங்க."

நான்கு வரி, ஐந்து 'ங்க'! மரியாதையில் குறை உண்டா? விளக்கத்துக்குத்தான் பஞ்சம். பத்திரமாக வைக்க எடுத்துப் போகிறார் என்று நான் நினைத்தேன். காலி டேப்பைக் கொடுக்கிறேன் என்று அவர் நினைத்தார். தலைவர் சிரிக்கிறார், சொல்ல அனுமதி உண்டென்று எடுத்துக்கொள்கிறேன்.

ஐப்பசியில் மேஸ்திரிக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். குரல் போய்விட்டது. அவர் மனைவி ரங்கம்மாள் என்னைத் தேடி வந்தார். "புள்ளைகிட்ட அவரு பேசுனது அதுல இருக்குதுங்களா?" என்று கேட்டார். "கண்ணாடியாட்ட வருமுங்கம்மா" என்றேன். எவ்வளவு எளிதாகச் சொன்னேன்!

வெட்டி ஒட்டி முடித்தேன். கம்ப்யூட்டர் மூன்றாம் டேப்பைக் கேட்டது. தலைவரிடம் வாங்கி வந்து கொடுத்தேன். அந்த எண்ணுக்கு ஓடியது, நின்றது, எடுத்தது. மேஸ்திரி வந்தாரா? வரவில்லை. மாடு வந்தது! காலி என்று நினைத்து அதே டேப்பின்மேல் தலைவர் பிடித்திருந்த பவானிப் புதுமனை புகுவிழா. உள்ளே போகமாட்டேன் என்று வாசற்படியில் நான்கு காலையும் ஊன்றி நிற்கிறது பசு. தகப்பன் பேச வேண்டிய ஒன்பது விநாடியில் பசுவை இம்மி பிசகாமல் பொருத்திவிட்டது கம்ப்யூட்டர். சிரியுங்கள், தவறில்லை. நானும் முதலில் சிரித்தேன். பிறகு டேப்பை முன்னும் பின்னும் ஓட்டித் தேடினேன்.

என்ன மிஞ்சியது? இடம் போதாமல் நான் குறுக்கி வைத்த அந்த மங்கல் துண்டு. அதைத்தான் படத்தில் சேர்த்தேன். தலைவரும் நானும் பீளமேடு போய் நடந்ததைச் சொல்லிவிட்டுப் போட்டுக் காட்டினோம். மற்ற மூன்று டேப்பும் தப்பியிருந்ததால் கல்யாணம் பளிச்சென்று ஓடியது. மூன்றாம் டேப் வந்ததும் மேஸ்திரியின் முகம் கட்டம் கட்டமாய் உடைந்தது. குரல் மட்டும் கணீரென்று வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மேஸ்திரி, சத்தமில்லாமல் கூடவே வாயசைத்தார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ரங்கம்மாள் தடுத்துவிட்டார். "மொகந்தான் எதுக்கால உக்காந்திருக்குதுங்களே. எங்களுக்குக் கொரலுதானுங்க வேணும்." அந்த ஒன்பது விநாடியைத் தனியாக ஒரு ஆடியோ கேசட்டிலும் பதிந்து தரச் சொன்னார். பதிந்து கொடுத்தேன்.

தோழர்களே! குரல் பிழைத்தது என் திறமையாலா? இல்லை! தலைவரின் கவனத்தாலா? அதுவும் இல்லை! தற்செயலாகப் பிழைத்தது. தற்செயலை நம்பித் தொழில் செய்யலாமா? அடுத்தவர் வீட்டுத் தகப்பனைத் தற்செயலிடம் ஒப்படைக்கலாமா? இனி 'ஏத்தியாச்சுங்க' என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். 'சின்னதா ஏத்தியிருக்குதுங்க, டேப் இன்னும் வேணுமுங்க' என்று சொல்லுங்கள். கேசட்டின் முதுகில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கிறதே, படம் பிடித்த கையோடு அதைத் தள்ளிப் பூட்டுங்கள், பிறகு அதன்மேல் எதையும் பதிய முடியாது. அதற்கு ஒரு விநாடி கூட ஆகாது.

போன மாதம் அந்தப் பெண் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். பேச முடியாமல் அழுதிருக்கிறாள். எடுத்தவர் தகப்பனார்; அவராலும் பேச முடியாது. பக்கத்திலிருந்த டேப் ரெக்கார்டரின் பொத்தானை அழுத்தி, ரிசீவரை அதன் அருகே பிடித்தார். "எதுக்கும் பயப்படாத கண்ணு. ஒரு போன் போடு, நான் வாரேன்." மறுநாள் காலை பெங்களூரில் அவள் வீட்டு வாசலில் தகப்பனார் பையோடு நின்றார்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், தாய்மார்க்கும், தன் தவற்றை மேடையில் சொல்ல விட்ட தலைவருக்கும் என் நன்றி. வாரேனுங்க.