கிணற்றுக்குள் துணை

வடமதுரையில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கழுத்தில் ஜெபமாலை போட்டிருந்தவளின் கணவன், கிணறு வெட்டும்போது மண் சரிந்து கால் நசுங்கி, திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அது அவர்கள் பேச்சில் தெரிந்தது.

“ஆண்டவரு கிணத்துக்குள்ளதான் இருந்தாரு மதினி” என்றாள் அவள்.

“ஆரு சொன்னா?”

“எங்க வீட்டுக்காரருதான். இடுப்பளவு மண்ணுக்குள்ள கிடக்கையில, பக்கத்துல யாரோ மூச்சு விடுறது கேட்டுக்கிட்டே இருந்துச்சாம்.”

“கூட வெட்டுன ஆளா இருக்கும்.”

“அவுக எல்லாரும் முன்னாலயே மேல ஏறிட்டாக.”

மதினி யோசித்தாள். “அம்புட்டுப் பக்கத்துல இருந்தவரு, மண்ணு சரியாமத் தடுத்திருக்கலாம்ல?”

“நானும் கோயில்ல முழங்கால் போட்டு அதத்தான் கேட்டேன். ஒண்ணும் சொல்லல.”

அவளுக்குக் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. மதினி பக்கம் திரும்பிச் சொன்னாள்: “இன்னைக்கு மத்தியானம் அந்தக் காலை எடுக்கப் போறாக. என்னைய உள்ள விடமாட்டாகளாம். வெளிய தனியா உக்காந்திருக்கத்தான் பயமா இருக்கு.”

ஆஸ்பத்திரி வந்ததும் அவள் எழுந்தாள். சந்தைக்குச் சீட்டு வாங்கியிருந்த மதினியும் எழுந்தாள்.

“நட ஆரோக்கியம், நானும் வாரேன்.”