ஊசிப் பேனா

ஐவிஎஃப் சிகிச்சைக்குப் போகும் தம்பதிகளுக்கு நான் முதலில் சொல்லக்கூடியது இதுதான்: காத்திருப்பு அறையின் நாற்காலிகள் மிக நன்றாக இருக்கும். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. எதிர்ச் சுவர் முழுக்கக் கொழுகொழுவென்ற குழந்தைகளின் படங்கள். எல்லோரும் அவற்றைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் சாவகாசமாகச் சொல்லச் சொன்னதால் இதிலிருந்து தொடங்குகிறேன்.

ஆண்களுக்கென்று ஒரு சிறிய அறை உண்டு. ஒரு சோபா, தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு, கையில் மூடி போட்ட ஒரு டப்பா. "அவசரமே இல்ல சார். லேப்ல சாப்பிடப் போறதுக்குள்ள குடுத்தா போதும்" என்பார் வெளியே இருப்பவர். உலகத்தில் வேறெந்த வேலையையும் நான் அவ்வளவு கேவலமாகச் செய்ததில்லை.

குறை என்னிடம்தான் இருந்தது. எண்ணிக்கை குறைவு, இருந்தவையும் சோம்பேறிகள். "உன்ன மாதிரியே" என்றாள் மனைவி. ஆனால் தன் அம்மாவிடம் போனில், "எனக்குத்தாம்மா ஏதோ கோளாறாம். மருந்து குடுக்கறாங்க" என்றாள். அதன்பின் அத்தை என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மாப்ள, உங்க பொறுமை யாருக்கு வரும்" என்று சொல்ல ஆரம்பித்தார். நான் அடக்கமாகத் தலையாட்டினேன். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பழுது எனக்கு, ஊசி அவளுக்கு. இந்த வைத்தியத்தின் நியாயம் அப்படி. கருமுட்டைகள் விளைய வேண்டும் என்று தினமும் மாலையில் வயிற்றில் ஊசி போட வேண்டும். பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். அடிப்பக்கத்தைத் திருகினால் அளவு கூடும். நர்ஸ் ஒருமுறை சொல்லிக்கொடுத்ததும் நானே போட ஆரம்பித்தேன். அவளுக்கு ஊசியென்றால் பயம். சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

"போட்டுட்டியா?"

"போட்டாச்சு."

"போடறதுக்கு முன்னாடி சொல்லுன்னு எத்தன தடவ சொல்றது, எரும."

டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். "இவங்களுக்கு முட்டை நிறைய வர்ற உடம்பு. அதனால அளவு கம்மிதான். கூடினா ஆபத்து." நிறைய வரும் என்பதுதான் என் காதில் தங்கியது. என் பக்கத்துச் சரக்கு மட்டம் என்றால் அவள் பக்கம் கூடுதலாக இருப்பது நல்லது. நான் படித்தவன், எனக்கு இது புரிந்தது. முதல் முறையிலேயே கிடைத்துவிட்டால் மறுபடி அந்த அறை இல்லை, டப்பா இல்லை, யாருக்குக் கோளாறு என்று எவரும் கிளறப்போவதும் இல்லை. எனவே திருகினேன். முதலில் கொஞ்சம், பிறகு இரு மடங்கு. பேனா சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் வேறொரு கடையில் அதே சீட்டைக் காட்டி இன்னொன்று வாங்கி, ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பின்னால் வைத்தேன்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இந்த அளவுக்கே இவ்வளவா?" மனைவி படுத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கோழிப்பண்ணையே வெச்சுடலாம் போலருக்கே."

முட்டைகளை எடுத்தார்கள். கருவை இப்போது வைக்க வேண்டாம், உறைய வைக்கலாம் என்றார்கள். வயிறு உப்பினால், மூச்சு வாங்கினால் உடனே வரச் சொன்னார்கள்.

வயிறு உப்பியது. "இப்பவே மாசமா இருக்கற மாதிரி இல்ல?" என்று கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று காட்டினாள். பிறகு படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தாள். "மூச்சு முட்டுதுடா. டாக்டர்கிட்ட கேளேன்."

"கேட்டுட்டேன். எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமாம். வெறும் வாயுதானாம்."

நான் கேட்கவில்லை. நர்ஸ்தான் என்னைப் போனில் கூப்பிட்டுக் கேட்டார்.

"மேடம் எப்படி சார் இருக்காங்க? வயிறு உப்பிருக்கா?"

"இல்லையே சிஸ்டர். நல்லா இருக்கா."

"குடுங்க, நானே ஒரு வார்த்தை பேசிடறேன்."

"குளிச்சிட்டிருக்கா."

அவள் பக்கத்து அறையில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அழைத்துப் போனால் பேனாவைக் கொண்டுவரச் சொல்வார்கள். ஏன் கூட்டினாய் என்பார்கள். அதற்குப் பதில் சொல்ல என் குறையிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் அத்தை முன்னால்.

மறுநாள் காலை, மருந்து மிஞ்சியதில் உண்டான ரத்தக்கட்டி ஒன்று நுரையீரலில் போய் அடைத்தது. தண்ணீர் கேட்டாள். நான் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

எல்லோரும் டாக்டரைப் பிடித்துக்கொண்டார்கள், அவர் கொடுத்த அளவு தப்பு என்று. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பொண்ணு உடம்புக் கோளாறுக்கு உங்க வாழ்க்கை வீணாப் போச்சே மாப்ள" என்று அழுதார். அப்போதும் தலையாட்டினேன்.

அந்த டாக்டர் இனி வைத்தியமே பார்க்கக் கூடாது என்று உங்கள் விசாரணையில் முடிவாகப் போகிறதாம். அதனால் வந்தேன். அவர் சொன்ன அளவு சரி. கூட்டியவன் நான், மறைத்தவனும் நான். கொன்றவன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் மறுக்க மாட்டேன். ஏமாற்றியவன் என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்காக அவள் எதையும் செய்வாள். கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை.