ஆவி பறந்த குவியல்

அந்த உரக் குவியல்ல மாதிரி எடுக்காதீங்க மேடம். இல்ல, எடுங்க, அதுக்குத்தானே லேப்லேருந்து அனுப்பியிருக்காங்க. ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க. பையைக் கீழ வெக்காதீங்க, தரையெல்லாம் ஈரம்.

நாத்தம் வரலையா? வராது. போன வருஷம் வந்தப்ப உங்களுக்குக் கண்ணு எரிஞ்சுது, கைக்குட்டையால மூக்கைப் பொத்திக்கிட்டீங்க. நல்ல காரமான உரம்னு நான் பெருமை வேற அடிச்சுக்கிட்டேன். மடத்தனம். மூக்குல ஏறுனதே உரத்துல நிக்க வேண்டிய தழைச்சத்துதான். மார்க்கெட் காய்கறிக் கழிவையும் மாட்டுச் சாணியையும் கொட்டி, தினம் புரட்டுவேன். பார்க்க வர்றவங்க முன்னால புரட்டினா குபுகுபுன்னு ஆவி கிளம்பும், போட்டோ எடுப்பாங்க. எனக்குத் தலைகால் புரியாது.

அப்ப பக்கத்துக் குவியல் என் மச்சினனோடது. ஆமா, பொண்டாட்டியோட தம்பி. இந்த உரக் கிடங்குல வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். அவன் காய்ஞ்ச இலையும் மரத்தூளும் தாராளமாக் கலப்பான். மேல பழைய உரத்தை ஒரு சாண் உயரத்துக்குப் போர்த்திட்டு அது பக்கமே போகமாட்டான். சூடு இறங்கினாத்தான் புரட்டுவான். மாமா, சும்மா சும்மா கிளறாதீங்க, சத்தெல்லாம் காத்தோட போகுதும்பான். உடம்பு வளையாதவன் கதை விடுறான்னு எல்லார் முன்னாலயும் சொன்னேன். குவியலுக்குத் தாலாட்டு பாடுறியாடான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டான் பாவி.

அப்புறம் ஒரு ஆளுக்குத்தான் வேலைன்னு மேனேஜர் சொல்லிட்டார். எவன் உரத்துல சத்து கூடவோ அவன் இருக்கட்டும்னார். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டாங்க. ரெண்டுலயும் மாதிரி எடுத்தீங்க, என்னுது ஜெயிச்சுது. நீங்க கையெழுத்துப் போட்ட தாளை இன்னும் ஆபீஸ் சுவத்துல ஒட்டி வெச்சிருக்காங்க. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ள போறேன், நிமிர்ந்து பார்க்கிறதில்ல.

அவனா? பஸ்ஸ்டாண்டுல மூட்டை தூக்குறான். முதுகு போச்சு. என் பொண்டாட்டி அவனைத் திட்டித் தீர்க்கிறா. உங்க மாமா மாதிரி பாடுபட்டிருந்தா இந்தக் கதி வருமாடான்னு கேக்குறா. நான் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன் மேடம். எப்படி இறங்குது பாருங்க, எனக்கு வெக்கமே இல்ல.

இதுவா? இது அவன் முறைதான், அப்படியே பார்த்துச் செஞ்சேன். நல்லா வந்திருக்கு. இன்னிக்கு நிஜமாவே சத்து இருக்கும், தாராளமா எடுங்க.

போன தடவை எப்படி ஜெயிச்சுதுன்னா கேக்குறீங்க? நீங்க குழாயில கை கழுவப் போனீங்க. என் குவியல்லேருந்து எடுத்த மாதிரிப் பை வாய் கட்டாமக் கிடந்துச்சு. ஒரு பிடி யூரியா அள்ளிப் போட்டுக் கலந்துட்டேன்.

வீட்டுல இன்னும் சொல்லல. முதல்ல உங்ககிட்ட சொல்ல வாய் வருதான்னு பார்த்தேன்.