நடுவில் கிடந்த கட்டில்

மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், ஐயா. ரவுட்டரைத் தரையில் வைக்காதீர்கள், பீரோவுக்குப் பின்னால் ஒளித்தும் வைக்காதீர்கள். பார்க்க லட்சணமாக இருக்காது, ஆனால் தலை உயரத்தில் திறந்த இடத்தில் இருந்தால்தான் சிக்னல் கொஞ்சமாவது மாடி ஏறும். உங்கள் வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்களோ தெரியவில்லை. கேட்கக் கூடாதுதான். இந்த அறையில் கேள்வி உங்களுடையது.

என் மாமனார் எப்படி இறந்தார் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் ரவுட்டரில் ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

நான் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் ஆள் குறைத்தபோது முதலில் குறைந்தவன் நான். அதன்பிறகு இணையத்தில் பாடம் நடத்தும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். மாடி அறையில் உட்கார்ந்து, எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகளுக்குப் பின்னமும் இயற்கணிதமும் சொல்லித்தருவேன். பாதி கணக்கில் லைன் போய்விடும். வாயை அரைகுறையாகத் திறந்தபடி திரையில் நின்றுபோவேன். பிள்ளைகள் அதைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு எனக்கு ‘சிலை சார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். பெற்றோர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை வேறு வாத்தியாரிடம் மாற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் மேற்பார்வையாளர் அம்மாவே பேசினார்கள்.

"சார், நீங்க நல்லாத்தான் நடத்துறீங்க. ஆனா இனி ஒரு தடவை லைன் போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்து ஒரு வகுப்புல நானும் கூட உக்காந்து பாப்பேன். அத வச்சுத்தான் முடிவு."

இந்த வயதில் என்னைக் கூப்பிட்டு யார் வேலை கொடுப்பார்கள், ஐயா? மனைவி ஒருத்தி சம்பளத்தில் வீடு ஓடாது. அவளுடைய அப்பாவுக்கு மருந்து, டயப்பர், எல்லாம் இருந்தது. அவருக்கும் சேர்த்துத்தான் நான் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

வீடு மாமாவுடையது. பக்கவாதம் வந்து அவர் படுத்ததிலிருந்து கீழே ஹாலில்தான் கட்டில். கை கால் அசையாது, கழுத்தையும் திருப்ப முடியாது. பேச்சும் போய்விட்டது. புண் வராமல் இருக்க வாட்டர் பெட் போட்டிருந்தோம். வாசல் பக்கச் சுவரில் ரவுட்டர், எதிர்க்கோடியில் மாடிப்படி, நடுவில் மாமா. பகலில் மனைவி வேலைக்குப் போய்விடுவாள். ஹாலில் ஒரு சின்னக் கேமரா வைத்து, அங்கிருந்தபடியே போனில் அப்பாவைப் பார்த்துக்கொள்வாள். மற்றபடி அவர் என் பொறுப்பு.

கீழேயே உட்கார்ந்து பாடம் நடத்தியிருக்கலாமே என்பீர்கள். பின்னால் வெற்றுச் சுவர் தெரிய வேண்டும், வேறு சத்தம் கேட்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. மாமா அவ்வப்போது முனகுவார். சரி, சுவரில் துளை போட்டு வயர் இழுத்திருக்கலாமே என்பீர்கள். மாமா நன்றாக இருந்த காலத்தில் நான் ஒரு காலண்டர் மாட்டப் போனேன். "மாப்ளே, நான் இருக்கிற வரைக்கும் இந்தச் சுவத்துல ஒரு ஆணி இறங்கக் கூடாது" என்றார். பெரியவர் சொன்ன சொல். அவர் படுத்துவிட்டார் என்பதற்காக அதை மீற எனக்கு மனம் வரவில்லை.

அதனால் மற்றதை எல்லாம் செய்து பார்த்தேன். ரவுட்டரைப் பிரிட்ஜ் மேல் ஏற்றினேன். அலையைத் திருப்பிவிடும் என்று அதன் பின்னால் சமையலறைத் தட்டு ஒன்றை நிறுத்தினேன். சிக்னலை வாங்கி மேலே அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்றைப் படி திரும்பும் இடத்தில் மாட்டினேன். எதற்கும் மசியவில்லை. கடைசியில் லைன் போட்டுத் தரும் பையன் வந்தான். காதில் போனை வைத்துக்கொண்டே ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"தண்ணியும் இரும்பும் சிக்னல குடிச்சிரும் சார். நடுவுல எதுவும் இல்லாம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

நான் திரும்பிப் பார்த்தேன். நட்டநடுவில் இரும்புக் கட்டில். அதன் மேல் மெத்தை நிறையத் தண்ணீர். அதன் மேல் மாமா. மனித உடம்பிலும் பெரும்பகுதி தண்ணீர்தான் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது.

கட்டிலுக்குச் சக்கரம் உண்டு. ஹாலுக்குள்ளேயே இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் தள்ளிப் பார்த்தேன். பிரயோசனமில்லை. பிறகு ஒரு வகுப்புக்கு முன்னால், வீட்டுக்குப் பின்புறம் துணி துவைக்கும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பாதிக்குத் தகரக் கூரை இருந்தது, நிழல்தான். கட்டில் இல்லாத ஹாலைப் போனில் பார்த்து மனைவி பதறிவிடுவாளே என்று கேமராவின் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டேன். மேலே போய் வகுப்பை ஆரம்பித்தேன். சிக்னல் என்னவோ பழையபடி இரண்டு கோடுதான் காட்டியது, ஆனால் படம் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஐயா. எத்தனை நாள் கழித்து ஒரு கணக்கை முழுதாக முடித்தேன்.

அதற்குப் பிறகு வகுப்பு என்றால் மாமா வெளியே, வகுப்பு முடிந்தால் உள்ளே. மனைவி வருவதற்குள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். ஒரு நாள் கேட்டாள்.

"ஏங்க, கேமரா அடிக்கடி தெரிய மாட்டேங்குதே?"

"நெட் அப்படி இருக்கு. மேல நான் படுற பாடு உனக்குத் தெரியாதா?"

பாவம், நம்பினாள். அப்பாவின் முகம் கறுத்திருப்பதாக இன்னொரு நாள் சொன்னாள். ஜன்னல் வெயில் என்றேன். தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் மாமா என்னையே பார்ப்பார். கண் மட்டும் அவருக்கு நன்றாக இருந்தது. நான் அவரிடம் பேசிக்கொண்டேதான் தள்ளுவேன். "கொஞ்ச நேரம் மாமா, காத்தாட இருங்க" என்பேன். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவர் நடுவில் இருந்தார், அவ்வளவுதான்.

மேற்பார்வையாளர் அம்மா வகுப்பில் உட்கார்ந்த அன்று வானம் மூட்டமாக இருந்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். கூரைக்கு அடியில் நன்றாக உள்ளே தள்ளி, சக்கரத்துக்குப் பிரேக் போட்டேன். நான்கு சக்கரத்துக்கும் போட்டதாகத்தான் நினைத்தேன். ஒன்றுக்குத்தான் விழுந்திருந்தது என்று நீங்கள் சொல்கிறீர்கள், இருக்கலாம். அவசரம். துவைக்கும் தண்ணீர் வடிவதற்காக அந்தத் தரை சரிவாக இருக்கும். அது எனக்குத் தெரியும்.

வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நான் இருபடிச் சமன்பாட்டில் இருந்தேன். அன்றைக்கு எல்லாம் தானாக வந்தது. பிள்ளைகள் நான் கேட்பதற்கு முன் விடை சொன்னார்கள். திரையின் ஓரத்துச் சதுரத்தில் மேற்பார்வையாளர் அம்மா தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். லைன் அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தம்தான் வினையாகப் போயிற்று. திரையில் எப்போதும் மேல்வரிசையில் இருக்கும் ஒரு பெண் கை தூக்கினாள்.

"சார், யாரோ கூப்பிடுறாங்க சார்."

"மழைச் சத்தம்மா. நீ அடுத்த படியைச் சொல்லு."

"இல்ல சார். மாப்ளே, மாப்ளேன்னு கேக்குது."

நிறுவனம் பதிந்து வைத்திருந்த அந்த வகுப்பை நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். மூன்றாவது தடவை இன்னும் தெளிவாகவே கேட்கிறது. பேச்சே போய்விட்டது என்று மருத்துவர் கைவிட்ட மனிதர். எனக்கு அந்தக் குரலைத் தெரியாமல் இல்லை. ஆணி அடிக்காதே என்று சொன்ன அதே குரல்.

எழுந்து போனால் திரையில் வெற்று நாற்காலி தெரியும். ஒரு நிமிடம் என்று கேட்டிருக்கலாம், அந்த அம்மா தந்திருப்பார்கள் என்று இப்போது சொல்கிறீர்கள். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. கழுத்தில் கத்தி இருக்கிறவனுக்கு என்ன தோன்றும்? இதுதான் கடைசி, இது போனால் தெருதான் என்பது மட்டும் தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி ஜன்னலைச் சாத்தினேன்.

"பக்கத்து வீட்டுல யாரோ. நாம கணக்கப் பாப்போம்" என்றேன்.

அந்தப் பெண் விடையைச் சரியாகச் சொன்னாள்.

வகுப்பை முடித்து, அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லி, கணினியை அணைத்துவிட்டுத்தான் இறங்கினேன். ஓடவில்லை. கட்டில் சரிவில் உருண்டு தகரக் கூரையின் விளிம்புக்கு நேராக வந்து நின்றிருந்தது. கூரைத் தண்ணீர் மொத்தமும் அவர் முகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ள அவரால் முடியாது என்று முன்பே சொன்னேன்.

உள்ளே கொண்டுவந்து துடைத்தேன். சட்டை மாற்றினேன், விரிப்பு மாற்றினேன், தலை வாரிவிட்டேன். கேமராவை மாட்டினேன். மனைவி வந்ததும் தூங்குகிறார் என்றேன். அவள் போய்த் தலையைத் தடவினாள்.

"தலை ஈரமா இருக்கே?"

"குளிப்பாட்டி விட்டேன்."

"நீங்களா? அப்பாவையா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கிவிட்டது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. பிறகுதான் குனிந்து அவர் நெற்றியில் முத்தம் கொடுக்கப் போனாள். அந்த அலறலை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

மறுநாள் நிறுவனத்திலிருந்து தகவல் வந்தது. வேலை உறுதி. ஒலியும் ஒளியும் மிகத் தெளிவு என்று குறிப்பிட்டிருந்தார்கள்.

ஆமாம், ஐயா, தெரிந்துதான் செய்தேன். கூப்பிட்டது அவர், கூப்பிட்டது என்னை, கேட்டும் ஜன்னலைச் சாத்தியது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் எனக்கு மனது ஆறாதது வேறு. கணினி தெரிந்த உங்கள் அதிகாரி நேற்று வீட்டைச் சோதித்துவிட்டு வந்து சொன்னாரே, கட்டிலால் ஒன்றும் இல்லை, நாள் முழுக்கப் படம் அனுப்பிக்கொண்டிருந்த அந்தக் கேமராதான் லைனை அடைத்துக்கொண்டிருந்தது என்று. அதைப் பிடுங்கியதால்தான் என் வகுப்பு ஓடியிருக்கிறது. இதை ஒருவர் முன்பே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு அலைச்சல் மிச்சமாகியிருக்கும். மாமாவை வெளியே தள்ளியே இருக்க மாட்டேன். பேசாமல் ஹாலிலேயே கிடந்திருப்பார். கூப்பிட்டாலும், மாடிக் கதவைச் சாத்தியிருந்தால் போதும்.