குதிரை ஏறத் தெரிந்தவள்

கலிஃபோர்னியாவில், லிவர்மோர் கோயிலில் புளியோதரை வரிசை. எனக்கு முன்னால் பதினான்கு பேர். கடைசி இருவர் இளம் தம்பதி.

“அந்த ஆஸ்திரேலியாக் கதைல வர்றவ என்னைவிடத் தேவலை,” என்றாள் மனைவி.

“காட்டுல தனியா இருக்கிறவளா? புருஷன் ஆடு ஓட்டிட்டுப் போனா ஆறு மாசம் வரமாட்டான்னியே?”

“நீங்களும்தான் ப்ராஜெக்ட்டுன்னு டல்லஸ் போறீங்க. குழந்தைக்குக் காய்ச்சல்னா அவ குதிரை ஏறிப் போயிடுவா. நான் கார் ஓட்டிப் பழக பெர்மிட் வாங்கியும் வீட்டுலயே உக்காந்திருக்கேன்.”

“நீ ஓட்டினா எனக்கு பயம்மா.”

“அவளுக்குக் கத்துக் குடுத்ததே புருஷன்தான்.”

“அப்படின்னு எழுதியிருக்கா?”

“எழுதல. அந்தக் காட்டுல வேற யாரு இருக்கா?”

அவன் சிரித்துவிட்டான். கார் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

“வீடு வரைக்கும் நீயே ஓட்டு. ஃப்ரீவே வேண்டாம், உள் ரோட்டுலயே போ. நான் வாயைத் திறக்க மாட்டேன்.”